போயிட்டு வாரேன்

எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமனே ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள். தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான், பிளைட் ஏறிக் கத்தார் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். வாய்தவறி ‘போறேன்’ என்று வந்துவிட்டால், வாசலில் இருப்பவர்கள் நிறுத்தித் திருத்திச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் சொல்லிக்கொள்ளாமல் இறங்குவோம். அது துட்டி வீடு. சாவு கேட்கப் போன வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கும் வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால் அங்கே வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவோம்.

அப்பேர்ப்பட்ட சொல்லை என் அண்ணன் ஜெயகணேஷ் பல்புக்குச் சொல்லிக்கொடுத்தான். அதோடு என் கல்யாணம் போயிற்று. நேரில் அவனை ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். எழுதும்போது அந்த மரியாதை கைக்கு வரமாட்டேன் என்கிறது.

அண்ணன் தூத்துக்குடி துறைமுகத்தில் க்ளியரிங் ஏஜென்ட். கப்பலில் வந்திறங்கும் கன்டெய்னருக்குக் கஸ்டம்ஸில் காகிதம் போட்டு, சரக்கை வெளியே எடுத்துக்கொடுக்கிற வேலை. விசிட்டிங் கார்டில் அவன் பெயர் இருக்கும். கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் இருப்பேன். எனக்கு ஒருமுறை கல்யாணமாகி முறிந்துவிட்டது. மும்பையில் வேலை என்று சொன்ன மாப்பிள்ளைக்கு மும்பையில் குடும்பமும் இருந்தது. கோர்ட்டுக்கு நடந்து, கையெழுத்துப் போட்டு, பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அன்றிலிருந்து அவன் எனக்குச் சோறு போட்டான், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தச் சோற்றை வடித்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தாறு வயதில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவள் ஜெயஷீலா அக்கா. துறைமுகத்தில் சொந்தமாக ஏஜென்சி நடத்துகிறவள், அண்ணனுக்குப் போட்டி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் “முத்து, எப்பளா எங்கிட்ட வேலைக்கு வாரே?” என்று கேட்பாள், நானும் சிரித்துவிட்டு நகர்வேன். மாப்பிள்ளை தங்கதுரை ஓட்டப்பிடாரத்தில் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருந்தார். மனைவி நோயில் இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. அம்மா வடிவம்மாள் மட்டும் கூட இருந்தார்.

“ஜெயஷீலா கொண்டாந்த எடமா?” என்று அண்ணன் முகத்தைச் சுளித்தான். பிறகு என்ன நினைத்தானோ, “சரி, வரச்சொல்லு. நம்ம வீட்டையும் பாத்துட்டுப் போவட்டும்” என்றான்.

அவனுக்கு அப்போது வீட்டைக் காட்டுவதுதான் தொழில். பைபாஸுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிக் குடிபோயிருந்தோம். ஹால், அடுக்களை, படுக்கையறை, சாமி அறை, எல்லா இடத்திலும் ஸ்மார்ட் பல்பு. போனில் தொட்டால் எரியும், வாயால் சொன்னாலும் எரியும். ஹாலில் ஒரு சுவிட்சுகூடக் கிடையாது. எலெக்ட்ரீசியன் வைத்த சுவிட்சுகளையெல்லாம் எடுத்துவிட்டு, வழுவழுவென்று வெள்ளை பிளேட் போட்டு மூடச் சொன்னான். “ஏலே, சுவிட்ச் இல்லாத வீடு தூத்துக்குடியிலே எங்கன இருக்கு சொல்லு பாப்போம்” என்று வருகிறவனையெல்லாம் கேட்பான். கொத்தனார்கூடத் தப்பவில்லை.

பல்பை மாட்டி, போனில் இணைத்துக் கொடுத்தவன் ஜாபேஸ். கடற்கரைப் பக்கத்துப் பையன், கெட்டிக்காரன், கத்தார் விசாவுக்குக் காத்திருந்தவன். ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில், சின்னச் சம்படம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தான். அதுதான் நாம் சொல்வதைக் கேட்டு பல்புகளுக்குச் சொல்லும். முதலில் அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் உத்தரவு போடவேண்டும். இரண்டு நாள் அண்ணன் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் என் மதினி இந்துமதி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

“ஒரு நாளாவது என் பேர இப்படிக் கூப்புட்டுருக்கீயளா? அவள எடுத்து வெளிய வைங்க, இல்ல நான் வெளிய போறேன்.”

அவள் கோபத்தில் ‘போறேன்’ என்றதற்கு அண்ணன் பதறிப்போய் ஜாபேஸை வரவழைத்தான். ஜாபேஸ் பெயரை எடுத்துவிட்டு, வாக்கியங்களையே நேரடியாகப் பழக்கிக் கொடுத்தான். அந்தப் பெட்டிக்குத் தெரிந்த தமிழில் ‘விளக்கை அணை’ என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. விளக்கைப் பார்த்து அணை என்று எங்கள் வீட்டில் யார் சொல்வார்கள்? சாமி அறையில் நின்று அதைச் சொல்ல மதினிக்கு வாயே வரவில்லை. “நம்ம பாசையிலயே சொல்லிக்கொடுத்துருவோம் அக்கா” என்று ஜாபேஸ் ‘லைட்ட அமத்து’ என்பதைப் பழக்கினான். பெட்டி கப்பென்று பிடித்துக்கொண்டது. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. தூத்துக்குடிக்கு வந்து ஒரு வாரத்தில் அதுவும் நம்ம ஊர்க்காரியாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

அந்த உற்சாகத்தில் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே கிளம்பும்போது ஒவ்வொரு அறையாக அமத்தச் சொல்வானேன்? எப்படியும் கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லத்தானே போகிறோம்? அதைச் சொன்னதும் வீட்டு விளக்கு அத்தனையும் அமர்ந்து, ஏசி நின்று, வாசல் கேமரா முழித்துக்கொள்ள வேண்டும். ஆளில்லாத வீட்டில் வேறு யாரும் வாயால் சொல்லி விளக்கைப் போட்டுவிடாதபடி, மறுபடி எரிய அவன் போனில்தான் தொடவேண்டும். ஜாபேஸ் அப்படியே செய்தான். ‘வாரேன்’, ‘வாரோம்’, எப்படிச் சொன்னாலும் புரியும்படி, யார் குரலில் சொன்னாலும் கேட்கும்படி செய்தான். மறுவாரம் விசா வந்து, எங்கள் ஹாலிலேயே நின்று ‘போயிட்டு வாரேன் அண்ணாச்சி’ என்று சொல்லி, எல்லா விளக்கையும் அமத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே கத்தார் போனான். நாங்களும் சிரித்தோம்.

சிரிப்பு எனக்கு நின்றது, பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள். தண்ணீர்க்கேன் போடும் ராமர் கேனை இறக்கிவிட்டு, “போயிட்டு வாரேன் மதினி” என்றார். வீடு இருண்டது. சாமி படத்துக்கு மேலே இருந்த சின்ன பல்பும் போயிற்று. ராமர் மிரண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளை வருகிறவர்களும் கிளம்புவார்கள். கிளம்பும்போது சொல்லிக்கொள்வார்கள்.

அண்ணன் வந்ததும் வாசலிலேயே பிடித்தேன். “அண்ணே, நாளைக்கு அவிய வாராவ. அந்த வார்த்தைய மட்டும் பெட்டியில இருந்து எடுத்துருங்க.”

“ஜாபேஸ்ட்ட சொல்லிட்டேன்ளா. அவன் அங்கன இருந்தே எடுத்துருவான்.”

“எடுத்துட்டானான்னு ஒருவாட்டி சொல்லிப் பாப்பமா?”

“ஏளா, ஒன் கல்யாணத்துல எனக்கு அக்கற இல்லயா?” என்றான். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் அதற்குமேல் தங்கச்சிகள் பேசக்கூடாது. நான் பேசினேன்.

“அப்ப நாளைக்கு ஒரு நாள் அந்தப் பெட்டியப் பிடுங்கி வச்சிருவோம். பல்பு சும்மா எரியட்டும்.”

“சும்மா எரியவா அத்தனையும் வாங்கி மாட்டிருக்கேன்? கலர் மாத்திக் காட்டாண்டாமா? மாப்ள கரண்டுத் தொழில்ல உள்ளவரு, அவருக்குத்தான் அரும தெரியும்.”

மதினிதான் ஒரு வழி சொன்னாள். அவர்கள் எழுந்ததும் பேச்சுக் கொடுத்தபடியே தெருவுக்குக் கூட்டிப் போய்விடுவது, காருக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொள்ளட்டும், அங்கே பெட்டிக்குக் காது எட்டாது. வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். வருகிறவர்களிடம் ‘போயிட்டு வாரோம்னு சொல்லாதீங்க’ என்று கல்யாணப்பெண் எப்படிக் கேட்பாள்? திரும்பி வராதீர்கள் என்பதற்கு அதைவிட மரியாதையான வாக்கியம் தமிழில் கிடையாது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். தங்கதுரையும் அவர் அம்மாவும் மட்டும். மக்ரூனும் கருப்பட்டிக் காபியும் கொண்டுபோனேன். நான் ஹாலுக்குள் காலெடுத்து வைக்கவும் அண்ணன் போனைத் தட்டி லைட்டை ரோஸ் நிறத்துக்கு மாற்றினான். பிறகு நீலம். பிறகு பச்சை.

“தம்பி, சாதா வெளிச்சம் ஒண்ணு இருந்தாப் போடுங்க” என்றார் வடிவம்மாள். “மக்ரூன் பச்சையாத் தெரியுது, பிள்ளையும் பச்சையாத் தெரியுது. நெறமே தெரியமாட்டேங்குதே.”

தங்கதுரை குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போயிற்று.

கார் நிறுத்தும் இடத்தில் எங்களைக் கொஞ்சநேரம் பேசவிட்டார்கள். தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் தெரிந்தன. நிலக்கரி ஏற்றிய லாரி ஒன்று பைபாஸில் உறுமிக்கொண்டு போனது. அவர் நேராகவே பேசினார். “வேலைய விடாண்டாம். ஓட்டப்பிடாரத்துல இருந்து பஸ் இருக்கு. பஸ் கெடைக்காத அன்னைக்கு நான் கொண்டாந்து விடுதேன்” என்றார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எங்க வீடு கடைக்கு மேல மாடி. அங்கன எல்லாம் சாதா சுவிட்சுதான். ஒங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். பத்து வருடமாக என்னிடம் யாரும் எதற்கும் சம்மதமா என்று கேட்டதில்லை. சுவிட்ச் போட்டு விளக்கேற்றுகிற ஒரு மாடி வீடு, வேலைக்குப் போக ஒரு பஸ், சம்மதமா என்று கேட்கிற ஒரு ஆள். இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. “சம்மதம்” என்றேன். சொன்னபிறகு வெட்கம் வந்தது, அந்த வயதிலும்.

உள்ளே எல்லாம் நல்லபடியாக நடந்தது. வடிவம்மாள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, “முன்ன நடந்தத நாங்க பேச மாட்டோம் தாயி, நீயும் பேசாண்டாம்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொன்னார். மதினி அவருக்கு வெற்றிலையும் குங்குமமும் வைத்துத் தட்டு கொடுத்தாள். எழுந்தார்கள். திட்டப்படி அண்ணன், “வாங்க மாப்ள, வெளிய கார் செட்டுல போட்டிருக்க லைட்டப் பாருங்க” என்று தங்கதுரையை நகர்த்திக்கொண்டு போனான். மதினி வடிவம்மாளின் தோளைத் தொட்டு, “வாங்க அத்த, காத்தாட வாசல்ல நின்னு பேசுவோம்” என்றாள்.

வடிவம்மாள் முறை தெரிந்தவர். தட்டோடு நேரே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார். பெட்டி அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அத்த, வேண்டாம்’ என்று தொண்டைவரை வந்தது.

“சரி தாயி. போயிட்டு வாரோம்.”

எல்லாம் அமர்ந்தது. ஹால், அடுக்களை, மாடிப்படி, முருகன் படத்துக்கு மேலே இருந்த பல்பு. ஏசியின் சத்தமும் நின்றது. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு விளக்கு, தெருவிளக்கு, எதிர்வீட்டு டிவி எல்லாம் தெரிந்தது. கரண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரு முழுக்க வெளிச்சம் இருக்க, என் நெற்றியில் குங்குமம் வைத்த வீடு மட்டும் இருண்டு நின்றது. நான் சுவரில் சுவிட்சைத் தேடினேன். பழக்கம் விடுகிறதா? கையில் தட்டுப்பட்டதெல்லாம் அந்த வழவழ பிளேட்தான். அதை நகத்தால் பிறாண்டினேன் என்று பிறகுதான் தெரிந்தது, விரல் எரிந்தபோது.

வெளியிலிருந்து அண்ணன் ஓடிவந்தான். போனைச் சார்ஜில் போட்டு மாடியில் வைத்திருந்தான். இருட்டில் படியேறிப் போய், எடுத்து, தட்டித் தட்டி, விளக்கு திரும்பி வருவதற்குள் நெடுநேரம் ஆனமாதிரி இருந்தது. வந்ததும் பச்சையாக வந்தது. வடிவம்மாள் குங்குமத்தட்டைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. தட்டை மெதுவாக மேஜையில் வைத்தார், வெற்றிலையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அப்படி எந்த வீட்டிலிருந்து இறங்குவோம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அண்ணனிடம் கேட்டேன். “அவியட்ட ஒரு போன் போட்டு, அது பெட்டியில பழக்கி வச்ச வார்த்தைன்னு சொல்லிருங்கண்ணே.”

“பேசிட்டேன்ளா. யோசிச்சுச் சொல்லுதோம்னு சொல்லியிருக்காவ.”

“பல்பாலதான்னு சொன்னீங்களா?”

“எல்லாம் சொன்னேன். நீ சும்மா இரி.”

சும்மா இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. யாரும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாது. அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது ‘பை’ சொன்னார்கள். அண்ணன் ஆபீஸுக்குக் கிளம்பும்போது தொண்டையைச் செருமுவான். மதினி கோவிலுக்குப் போகும்போது கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள். ஒரு பெட்டிக்காக ஒரு குடும்பம் வாயைத் திருத்திக்கொண்டது. ஜாபேஸ் அங்கிருந்தே எடுத்துவிடுவான் என்றீர்களே, ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று நான் கேட்டதற்கும் அண்ணன் தொண்டையைச் செருமிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினான்.

பத்து நாள் கழித்துத் துறைமுகத்துக் கேன்டீனில் ஜெயஷீலா அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டீயைக்கூடத் தொடவில்லை. “ஏளா முத்து, நல்ல எடம்னுதானே கொண்டாந்தேன். என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? இப்பம் தங்கதுரைக்கு வேற எடத்துல பூ வச்சாச்சு.”

அவளிடமே நம்பரை வாங்கி, கன்டெய்னர் யார்டு மதில் ஓரமாக நின்று தங்கதுரைக்குப் போன் போட்டேன். பெண்ணே கூப்பிடலாமா என்ற வெட்கமெல்லாம் எனக்கு அப்போது இல்லை. பெட்டி, பழக்கிய வார்த்தை, தண்ணீர்க்கேன் ராமர், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நான் அதத்தான் நெனச்சேன்” என்றார் கடைசியில். “மறுநா காலையிலேயே அண்ணாச்சிக்கு நான்தான் போன் போட்டேன். மோட்டார் கட வச்சிருக்கவன், எனக்குத் தெரியாதா? ‘செட்டிங் ஏதும் மாறிக் கெடக்கா அண்ணாச்சி’ன்னு கேட்டேன். அம்மையும் கேக்கணும்னுதான் ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருந்தேன்.”

“அண்ணன் என்ன சொன்னாவ?”

“லைட்டுல ஒரு கொறையும் இல்ல, எல்லாம் ஒசந்த சாமான், இதுக்கு முன்ன ஒரு நாள்கூட அப்படி அமந்ததே இல்லன்னாவ.”

யார்டில் கிரேன் ஒரு கன்டெய்னரை இறக்கியது, தரை அதிர்ந்தது.

“அம்மை கேட்டுட்டு, ‘அப்பம் அது லைட்டு இல்லய்யா’ன்னுட்டா” என்றார். “நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். மொதல்ல ஒருத்தியக் கொண்டுபோய்ப் பொதச்சிட்டு வந்தவன், எனக்கும் அதுக்கு மேல வாய் வரல. மன்னிச்சுருங்க. இப்பம் இன்னொரு பிள்ளைக்குப் பூ வச்சாச்சு. அத நான் விட முடியாது.”

விடவேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். அவர் போனை வைக்கும்போது பழக்கதோஷத்தில் ‘வரட்டா’ என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தியது எனக்குக் கேட்டது.

அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் கேட்டேன். ஹாலில்தான், பெட்டிக்கு முன்னாலேயே. மதினி பக்கத்தில் இருந்தாள். முதலில் அப்படி ஒரு போனே வரவில்லை என்றான். ஸ்பீக்கர் என்றதும் இறங்கிவந்தான்.

“பின்ன என்னத்தச் சொல்லச் சொல்லுத? ஜாபேஸ் அவன் போன்லயே எல்லாத்தையும் தொடங்கியிருக்கான். அந்தப் பெட்டிக்கு ஓனரே அவன்தானாம். நான் லைட்டப் போடலாம், அமத்தலாம், கலர் மாத்தலாம். பழக்குன வார்த்தைய அழிக்க முடியாது. அவன் பழைய சிம்மத் தொலைச்சிட்டான், அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போவுது. எல்லாத்தையும் கழத்தி மொதல்ல இருந்து மாட்டணும்ங்கான். என் வீட்டு லைட்டு என் கையில இல்லன்னு ஓட்டப்பிடாரத்துக்காரன்ட்ட சொல்லவா? ஊரு சிரிக்கும்லா?”

“பெட்டியத்தான் பிடுங்கச் சொன்னேனே அண்ணே.”

“அவ்வளவு பேசுதேல்லா, இங்கன ஒனக்கு என்ன கொறச்சல்? தனி ரூம் இருக்கு, ஏசி இருக்கு. நீ ஓட்டப்பிடாரம் போயிட்டா ஆபீஸ யாரு பாப்பா?”

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். மதினி தலையைக் குனிந்துகொண்டாள். நான் இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், எது முதலில் வந்தது என்று. பல்பின் மானத்துக்காக என்னை விட்டானா, ஆபீஸுக்காக என்னை வைத்துக்கொள்ள பல்பு வசதியாக வந்து வாய்த்ததா? அவனுக்கே தெரியாது என்றுதான் தோன்றுகிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். என்னை ராசியில்லாதவள் என்று ஒரு வயதான அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் என் கூடப்பிறந்தவன் வாயை மூடிக்கொண்டான். பல்புக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது. தங்கச்சிக்கு வரலாம்.

மறுநாள் ஜெயஷீலா அக்காவைப் பார்த்து, “வாரேன்க்கா” என்றேன். அவள் எங்கே என்று கேட்கவில்லை. அவளே பெண்கள் விடுதியில் ஓர் அறைக்கும் சொல்லிவைத்தாள். அன்று மாலை துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு என் அறையிலிருந்து இறங்கினேன். பத்து வருடம் முன்பு கொண்டுவந்த அதே பெட்டிதான். பிள்ளைகள் டியூஷன் போயிருந்தார்கள். அண்ணன் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. ஹாலில் எல்லா விளக்கும் வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன.

“போறேன்” என்றேன்.

மதினி பதறி எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். “ஏளா, வெளக்கு வச்ச நேரத்துல அப்படிச் சொல்லாத. என்ன கோவமா இருந்தாலும் அந்த வார்த்த மட்டும் வேண்டாம். நல்லபடியாச் சொல்லிட்டுப் போ.”

“நல்லபடியாச் சொன்னா லைட்டு அமந்துரும் மதினி.”

அவள் கை தானாக விட்டது. அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்தான். அவன் பார்த்தது என்னை இல்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை.

படியிறங்கி, செருப்பை மாட்டி, வெளிக்கேட்டைத் திறந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒரு பல்புகூட அசையவில்லை. அந்தச் சொல்லை அதற்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. வீடு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பைபாஸில் ஆட்டோ வந்தது, கையைக் காட்டி ஏறிக்கொண்டேன்.